பன்மையில் எழுத வேண்டிய பெயர்

பெனிசிலினைக் கண்டுபிடித்தவர் யார் என்பது நம் பள்ளிகளில் ஒரு மதிப்பெண் வினா. அலெக்சாண்டர் ஃபிளெமிங் என்று எழுதினால் மதிப்பெண் விழும். எந்த ஆண்டு என்று கேட்டால் 1928. இரண்டு விடைகளும் சரியானவைதான். ஆனால் 1928 செப்டம்பரில் லண்டனில் அந்தப் பூஞ்சை ஒருவர் கண்ணில் பட்டதற்கும், அதன் சாறு சாகவிருந்த உயிரைப் பிழைக்கவைக்கும் என்று ஆக்ஸ்ஃபோர்டில் சோதித்துக் காட்டப்பட்டதற்கும் நடுவே பதினோரு ஆண்டு எட்டு மாதம் ஓடிவிட்டது. அத்தனை காலமும் ஃபிளெமிங் இருந்தார். பூஞ்சை இருந்தது. அதைப் பற்றிய கட்டுரை நூலகங்களில் அச்சில் இருந்தது. மருந்து மட்டும் இல்லை. 1935-க்குப் பிறகு சல்ஃபா மருந்துகள் ஓரளவு கைகொடுத்தன என்றாலும், முகத்தில் பட்ட ஒரு கீறல் சீழ்பிடித்து ஆளையே கொண்டுபோவது அன்றைய மருத்துவமனைகளில் வழக்கமான காட்சி.

எல்லாம் இருந்தும் மருந்து ஏன் வரவில்லை? பெனிசிலின் வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் என்னைத் தொந்தரவு செய்கிற கேள்வி இதுதான். கண்டுபிடிப்பு என்பது ஒரு மனிதரின் தலைக்குள் நடக்கிற மின்னல்வெட்டு என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். அந்தப் பதினோரு ஆண்டுகள் வேறொன்றைச் சொல்கின்றன.

ஃபிளெமிங் வேலை பார்த்தது லண்டன் பேடிங்டனில் உள்ள செயின்ட் மேரி மருத்துவமனையில். விடுமுறை முடிந்து 1928 செப்டம்பர் 3 அன்று திரும்பியவர், மேசையில் விட்டுச்சென்றிருந்த பெட்ரித் தட்டுகளை எடுத்துப் பார்த்தார். சீழ்க்கட்டியை உண்டாக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் பாக்டீரியா வளர்ந்த தட்டுகள். ஒன்றில் பூஞ்சை பிடித்திருந்தது. அதைச் சுற்றிலும் பாக்டீரியா கரைந்துபோய்த் தெளிந்திருந்தது. வேறொருவராயிருந்தால் கெட்டுப்போன தட்டு என்று கழுவப் போட்டிருப்பார். அவர் நின்று பார்த்தார். அந்தப் பார்வைக்கு உரிய மதிப்பை எந்தக் காரணத்துக்காகவும் குறைக்கக் கூடாது. அந்தப் பூஞ்சையின் வித்து, கீழ்த்தளத்தில் பூஞ்சைகளை ஆராய்ந்துகொண்டிருந்த லா டூஷ் என்பவரின் அறையிலிருந்து காற்றில் ஏறி வந்திருக்கலாம் என்பது பலரின் கணிப்பு. அப்படியானால் தொடக்கத்திலேயே இன்னொருவர் வேலையும் இதில் கலந்திருக்கிறது.

ஸ்டூவர்ட் கிராடாக், ஃபிரெடரிக் ரிட்லி என்ற இரண்டு இளம் மருத்துவர்கள் அந்தக் குளிர்காலம் முழுக்கச் சாற்றைச் சுண்டவைத்துப் பார்த்தார்கள். இருவரும் தொழில்முறை வேதியியலாளர்கள் அல்லர். செறிவாக்கிய சாறு சில நாளிலேயே வீரியம் இழந்தது. 1929-இல் ஃபிளெமிங் கட்டுரை வெளியிட்டார், பெனிசிலின் என்று பெயரும் வைத்தார். அதற்குமேல் கொண்டுபோக அவர் பக்கத்தில் ஒரு வேதியியலாளர் இல்லை. ஆனால் அவர் செய்த இன்னொரு காரியம் இருக்கிறது. பூஞ்சையைச் சாகவிடாமல் வளர்த்துவந்தார், கேட்ட ஆய்வகங்களுக்கெல்லாம் பகிர்ந்து கொடுத்தார். வீட்டுக்கு வீடு உறைமோர் வாங்கிக்கொள்வதுபோல அந்தப் பூஞ்சை கைமாறியது. தட்டைப் பார்த்த கண்ணைவிட இந்தக் கொடுத்த கையே பெரிது என்று நான் நினைக்கிறேன்.

வாங்கியவர்களில் ஒருவர் ஷெஃபீல்டைச் சேர்ந்த மருத்துவர் செசில் பெய்ன். பிறந்தபோதே கண்ணில் தொற்று ஏறிய குழந்தைகளுக்கு 1930-இல் பூஞ்சைச் சாற்றை அப்படியே ஊற்றிப் பார்த்தார். கண்கள் தெளிந்தன. பெனிசிலினால் மனிதர் குணமானதற்கு நமக்குக் கிடைக்கும் முதல் சான்று இதுதான். சாறு ஒருமுறை வேலை செய்தது, மறுமுறை செய்யவில்லை. பெய்ன் வேறு வேலைக்குப் போனார். எதையும் எழுதி வெளியிடவில்லை. இன்னொருவர் லண்டன் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியின் ஹெரால்ட் ரைஸ்ட்ரிக். தேர்ந்த உயிர்வேதியியலாளர். சாற்றை அமிலமாக்கி ஈதரோடு குலுக்கினால் பெனிசிலின் ஈதருக்குள் போய்விடுகிறது என்பதை 1932-இல் அவர் குழு கண்டது. ஆனால் ஈதரை ஆவியாக்கினால் பெனிசிலினும் காணாமற்போனது. கதவுவரை வந்தவர் அங்கிருந்தே திரும்பிவிட்டார்.

இந்த மூன்று பேரையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். ஃபிளெமிங்குக்குப் பாக்டீரியா தெரியும், வேதியியல் தெரியாது. ரைஸ்ட்ரிக்குக்கு வேதியியல் தெரியும், பக்கத்தில் நோயாளி இல்லை. பெய்னிடம் நோயாளிகள் இருந்தார்கள், சாற்றைச் சீராகத் தயாரித்துத் தர ஆளில்லை. மருந்துக்கு வேண்டிய அறிவில் பெரும்பகுதி 1932-லேயே இங்கிலாந்தில் இருந்தது. அது மூன்று கட்டடங்களில் சிதறிக் கிடந்தது.

அதை ஒரே கட்டடத்துக்குள் கொண்டுவந்தவர் ஹாவர்ட் ஃபுளோரி. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் 1898-இல் பிறந்தவர், 1935-இல் ஆக்ஸ்ஃபோர்டின் நோய்க்குறியியல் பேராசிரியர் ஆனார். நோய்க்குறியியல் துறைக்குள் உயிர்வேதியியலாளரும் பாக்டீரியா ஆய்வாளரும் விலங்குச் சோதனை செய்பவரும் ஒரே கூரையின்கீழ் இருக்க வேண்டும் என்று ஆள் சேர்த்தார். அன்றைய பிரிட்டிஷ் பல்கலைக்கழக நடைமுறைக்கு இது புதிது. அப்படிச் சேர்ந்தவர்களில் ஒருவர் எர்ன்ஸ்ட் செயின். பெர்லினில் பிறந்த யூதர், ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933-இல் இங்கிலாந்துக்குத் தப்பி வந்தவர். பின்னால் அவருடைய தாயும் சகோதரியும் நாஜிகளால் கொல்லப்பட்டார்கள். 1938 வாக்கில் பாக்டீரியாவை எதிர்க்கும் இயற்கைப் பொருள்களைப் பற்றிப் பழைய இதழ்களைப் புரட்டிக்கொண்டிருந்த செயினின் கையில் ஃபிளெமிங்கின் கட்டுரை சிக்கியது. பூஞ்சையைத் தேடி வெளியே போகவும் வேண்டியிருக்கவில்லை. ஃபிளெமிங் கொடுத்த அதே பூஞ்சை, வேறொரு ஆய்வுக்காக எப்போதோ வாங்கப்பட்டு, அந்தக் கட்டடத்துக்குள்ளேயே வளர்ந்துகொண்டிருந்தது.

மூன்றாமவர் நார்மன் ஹீட்லி. ஆக்ஸ்ஃபோர்டுக்கு வெளியே இவர் பெயர் வெகுகாலம் யாருக்கும் தெரியாது. 1911-இல் சஃபோக்கில் பிறந்த உயிர்வேதியியலாளர். 1939-இல் கோபன்ஹேகனுக்கு ஆய்வு செய்யப் போகவிருந்தார், போர் வெடித்ததால் போகவில்லை. தங்கிவிட்டவர், செயினுக்குக் கீழே அல்லாமல் நேரடியாக ஃபுளோரியின் கீழ் வேலை செய்வதாயிருந்தால் சம்மதம் என்றார். செயின் கனல்பறக்கப் பேசுபவர். ஹீட்லி குரல் உயர்த்தாதவர். இருவருக்கும் ஒத்துவராது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஃபுளோரி அந்த நிபந்தனையை ஏற்றார். குழு அமைப்பது என்றால் ஒத்துப்போகிறவர்களைப் பொறுக்கிச் சேர்ப்பது என்று பலர் நினைக்கிறார்கள். இங்கே நடந்தது வேறு. ஒத்துப்போகாத இருவரின் வேலையும் ஒன்றுக்கொன்று வேண்டியிருந்தது. அவர்கள் மோதிக்கொள்ளாதபடி நடுவே ஒருவர் நின்றுகொண்டார்.

ஹீட்லி முதலில் செய்த காரியம் மருந்து தயாரிப்பது அல்ல. ஓர் அளவுகோல் செய்தார். பாக்டீரியா விதைத்த அகார்த் தட்டில் இரு பக்கமும் திறந்த சிறு குழல்களை நிறுத்தி, ஒவ்வொன்றிலும் சோதிக்க வேண்டிய சாற்றை நிரப்பினார். சாறு ஊறிப் பரவிய இடமெல்லாம் பாக்டீரியா வளராமல் வட்டம் தெளிந்தது. வட்டத்தின் விட்டத்தை அளந்தால் சாற்றின் வீரியம் தெரிந்துவிடும். ஆக்ஸ்ஃபோர்ட் அலகு என்று பின்னர் உலகம் முழுக்க வழங்கிய கணக்கு இதிலிருந்து வந்ததுதான். பெய்ன் தோற்ற இடம் நினைவிருக்கிறதா? அவர் கையில் இருந்த சாறு இன்று வலுவானதா நீர்த்ததா என்று சொல்ல அவருக்கு வழியில்லை. இப்போது வளர்ப்பவரும் பிரிப்பவரும் எலிக்கு ஊசி போடுபவரும் ஒரே எண்ணைப் பேச முடிந்தது. பல தொழில்காரர்கள் கூடி வேலை செய்வதற்கு நல்ல மனம் போதாது, எல்லோரும் நம்பும் படி ஒன்று வேண்டும். சந்தையில் படியும் துலாக்கோலும் செய்கிற வேலையை அந்தச் சிறு குழல்கள் செய்தன. குழுவேலையைப் பற்றிய பேச்சுகளில் இது ஏனோ யார் வாயிலும் வருவதில்லை.

அடுத்தது ரைஸ்ட்ரிக் திரும்பிப்போன கதவு. ஈதருக்குள் போன பெனிசிலினை எப்படி மீட்பது? ஈதரை ஆவியாக்க வேண்டாம், அதை மறுபடியும் தண்ணீரோடு குலுக்கலாம், ஆனால் இம்முறை அமிலமில்லாத தண்ணீரோடு என்றார் ஹீட்லி. அமில நீரில் இருக்கும்போது பெனிசிலின் ஈதரை நாடுகிறது என்றால், காரம் சேர்ந்த நீரைக் காட்டினால் அதை நாடித் திரும்பி வரும். அழுக்கில் ஒரு பகுதி ஈதரிலேயே தங்கிவிடும். கேட்டால் எளிமை. 1940 மார்ச்சில் அதைச் செய்து பார்த்தார், பலித்தது. திரும்பிவந்த நீரை உறையவைத்து உலர்த்தும் அன்றைய புதுமுறையால் செயின் பழுப்புநிறப் பொடியாக்கினார். அந்தப் பொடியில் பெரும்பகுதி அழுக்குதான் என்பது பின்னால்தான் தெரிந்தது. அப்படியிருந்தும் அது வேலை செய்தது.

இங்கே ஓர் எதிர்க்கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். திருப்பிக் குலுக்கும் யோசனை ஒரே ஒருவரின் தலையில் உதித்தது அல்லவா? ஆம். குழு யோசிப்பதில்லை, மனிதர்தான் யோசிக்கிறார்கள். ஆனால் அந்த யோசனை உதித்த வாரத்திலேயே அதை அளந்து பார்க்கக் குழல்கள் தயாராக இருந்தன, பொடியாக்க ஒருவர் இருந்தார், பொடியை எலிக்குப் போட இன்னொருவர் இருந்தார். ஃபிளெமிங்கின் யோசனை விழுந்த இடம் காய்ந்த தரை. ஹீட்லியின் யோசனை விழுந்தது உழுதுவைத்த நிலத்தில்.

1940 மே 25, சனிக்கிழமை. எட்டு வெள்ளெலிகளுக்குக் கொல்லும் அளவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் செலுத்தப்பட்டது. ஒரு மணி நேரம் கழித்து நான்குக்கு மட்டும் பெனிசிலின் ஊசி. மற்றவர்கள் வீட்டுக்குப் போனபின்னும் ஹீட்லி எலிக்கூண்டின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அதிகாலை மூன்றே முக்காலுக்குள் மருந்து பெறாத நான்கும் செத்திருந்தன. மருந்து பெற்ற நான்கும் உயிரோடிருந்தன. போர்க்கால இருட்டடிப்பில் விளக்கில்லாத தெருக்கள் வழியாக அவர் சைக்கிளில் வீடு திரும்பினார். மறுநாள் டன்கிர்க் கடற்கரையிலிருந்து பிரிட்டிஷ் படைகளைப் படகேற்றி மீட்கும் வேலை தொடங்கியது. ஜெர்மானியர் இங்கிலாந்துக்குள் வந்துவிட்டால் ஆய்வகத்தை அழித்துவிட வேண்டும், பூஞ்சை மட்டும் பிழைக்க வேண்டும் என்று குழுவினர் தங்கள் கோட்டின் உட்துணியில் பூஞ்சை வித்தைத் தேய்த்துவைத்துக்கொண்டார்கள். யார் தப்பிப் போனாலும் வேலை தொடரும் என்ற ஏற்பாடு. எனக்கு இந்த வரலாற்றிலேயே மிகவும் பிடித்த காட்சி அது.

அந்த ஆகஸ்டில் லான்செட் இதழில் முடிவு வெளியானது. இரண்டே பக்கம். செயின், ஃபுளோரி, கார்ட்னர், ஹீட்லி, ஜென்னிங்ஸ், ஆர்-யூயிங், சாண்டர்ஸ் என்று ஏழு பெயர்கள், ஆங்கில அகரவரிசையில். தலைவர் பெயர் முன்னால் வரவில்லை.

எலியிலிருந்து மனிதருக்கு வர வேண்டும். மனித உடல் எலியைவிட மூவாயிரம் மடங்கு கனம். பூஞ்சைச் சாறோ லிட்டர் கணக்கில் காய்ச்சினாலும் சிட்டிகையளவு மருந்துதான் தரும். பூஞ்சை காற்றுப்படும் மேற்பரப்பில் பால் ஏடுபோலப் படர்ந்து வளர்வது, ஆகவே ஆழமான அண்டா பயன்படாது, அகலமான தட்டை வேண்டும். பிஸ்கட் டின், பால் கேன் என்று கிடைத்ததிலெல்லாம் வளர்த்துப் பார்த்தார்கள். எல்லாவற்றிலும் வாகாக அமைந்தது மருத்துவமனை பெட்பேன். அதையே மாதிரியாக வைத்து, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கக்கூடிய பீங்கான் கலம் ஒன்றை ஹீட்லி வடிவமைத்தார். ஸ்டோக்-ஆன்-டிரென்ட் பகுதியின் பீங்கான் தொழிலாளர்கள் அதைச் சூளையில் சுட்டுக் கொடுத்தார்கள். 1940 டிசம்பர் 23 அன்று இரவல் வாங்கிய வேனில் போய் 174 கலங்களை அவர் ஏற்றிக்கொண்டு வந்தார். சாற்றைப் பிரிக்கும் கருவிக்குச் சட்டமாக நின்றது பல்கலைக்கழக நூலகம் வேண்டாமென்று கழித்த ஒரு புத்தக அலமாரி.

கலங்களைப் பார்த்துக்கொள்ள ஆறு இளம்பெண்கள் வேலைக்கு வந்தார்கள். ரூத் கேலோ, கிளேர் இனாயத், பெட்டி குக், பெக்கி கார்ட்னர், மேகன் லங்காஸ்டர், பட்ரீஷியா மெக்கெக்னி. பெனிசிலின் பெண்கள் என்று அவர்களை மொத்தமாக ஒரு பெயரில் அழைப்பது வழக்கம். தனித்தனிப் பெயர் இருக்கிறது என்பதால் இங்கே எழுதுகிறேன். வண்ணம் பூசும் தெளிப்பானால் கலங்களில் வித்தைத் தெளிப்பது, ஏடு பிடித்ததும் அது கலையாமல் அடியிலிருக்கும் சாற்றை உறிஞ்சி எடுப்பது, புதிய ஊட்டநீரை அதே ஏட்டின் அடியில் விடுவது, கலத்தைக் கழுவி நீராவியில் அவித்து மறுபடி நிரப்புவது. வேறொரு கிருமி உள்ளே புகுந்துவிட்டால் அந்தக் கலத்தின் பெனிசிலின் முழுக்கப் போய்விடும். பெனிசிலினைச் சிதைக்கும் நொதியைச் சில பாக்டீரியா சுரக்கின்றன என்பதை அதே 1940-இல் எட்வர்ட் ஆபிரகாமும் செயினும் வெளியிட்டிருந்தார்கள். அவர்கள் காகிதத்தில் எழுதிய அந்த அறிவியல், கலம் கழுவும் பெண்ணின் கை சுத்தத்தில்தான் ஒவ்வொரு நாளும் காப்பாற்றப்பட்டது. எந்த வேலை பெரிது என்று யாராவது கேட்டால் எனக்குப் பதில் சொல்லத் தெரியாது.

1941 பிப்ரவரி 12. ஆக்ஸ்ஃபோர்டின் ரேட்கிளிஃப் மருத்துவமனையில் ஆல்பர்ட் அலெக்சாண்டர் என்ற 43 வயதுக் காவலர் சாகும் நிலையில் கிடந்தார். முகத்தில் ஏற்பட்ட காயம் சீழ்பிடித்துத் தலை முழுவதும் பரவி, ஒரு கண்ணை எடுத்துவிட்டிருந்தார்கள். ரோஜா முள் கீறியது என்று நெடுங்காலம் சொல்லப்பட்டது, குண்டுவீச்சில் பட்ட காயம் என்று அண்மையில் வேறொரு செய்தியும் உண்டு. மருத்துவர் சார்லஸ் ஃபிளெட்சர் முதல் ஊசியில் 200 மில்லிகிராம், பிறகு மூன்று மணிக்கொருமுறை 100 மில்லிகிராம் என்று செலுத்தினார். ஒரே நாளில் மாற்றம் தெரிந்தது. காய்ச்சல் இறங்கியது, பசி எடுத்தது.

பெனிசிலின் உடலில் தங்குவதில்லை, சிறுநீரில் வெளியேறிவிடும். கையிருப்போ கரைந்துகொண்டிருந்தது. ஆகவே அலெக்சாண்டரின் சிறுநீரைச் சேகரித்து, சைக்கிளில் ஆய்வகத்துக்குக் கொண்டுபோய், அதிலிருந்த பெனிசிலினை மறுபடி பிரித்து, மறுபடி அவருக்கே ஏற்றினார்கள். பேராசிரியர், மருத்துவர், ஆய்வக உதவியாளர் என்று யாரும் இதைத் தன் தகுதிக்குக் குறைவாகக் கருதியதாகத் தெரியவில்லை. ஐந்து நாளில் மருந்து முற்றிலும் தீர்ந்தது. அவர் சில நாள் தேறியிருந்தார், தொற்று திரும்பியது, மார்ச் 15 அன்று இறந்தார். ஆறு பெண்கள் இரவுபகலாக வளர்த்ததும் 174 கலங்களும் ஒருவருக்குப் போதவில்லை. அடுத்த நோயாளிகளாகப் பெரும்பாலும் குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். சின்ன உடலுக்குக் கொஞ்சம் மருந்து போதும் அல்லவா? அவர்களில் பலர் பிழைத்தார்கள். மனிதரில் செய்த சோதனைகளைத் தொடர்ந்து முன்னெடுத்தவர் எதெல் ஃபுளோரி, ஹாவர்டின் மனைவி, தாமே மருத்துவர்.

இதற்குமேல் ஆக்ஸ்ஃபோர்டால் முடியாது என்பதை ஃபுளோரி ஒப்புக்கொண்டார். குண்டு விழும் நாட்டில் எந்த மருந்துக் கம்பெனியும் பெரிய அளவில் இறங்கத் தயாராக இல்லை. 1941 ஜூலையில் ஹீட்லியை அழைத்துக்கொண்டு அமெரிக்கா போனார். இல்லினாய் மாநிலத்தின் பியோரியா என்ற ஊரில் விவசாயத் துறையின் ஆய்வகம் ஒன்று இருந்தது. அந்த வட்டாரத்தில் மக்காச்சோளத்தை ஊறவைத்து மாவெடுத்தபின் மிஞ்சும் கெட்டியான கழிநீர் குவிந்து கிடந்தது, என்ன செய்வதென்று தெரியாமல். அதைப் பூஞ்சைக்கு ஊட்டியபோது விளைச்சல் பல மடங்கு ஏறியது. 1943-இல் பியோரியாச் சந்தையில் கிடைத்த அழுகிய முலாம்பழத்திலிருந்து இன்னும் வீரியமான பூஞ்சை இனம் அகப்பட்டது. அதைக் கொண்டுவந்தவர் ஆய்வக உதவியாளர் மேரி ஹன்ட் என்பது பரவலான கதை. ஊர்ப் பெண்மணி ஒருவர் கொண்டுவந்து கொடுத்தார் என்றும் சொல்கிறார்கள். முலாம்பழத்துக்குக்கூட ஒரே ஒரு நாயகியைத் தேடுகிறது நம் மனம். அந்த இனத்தை எக்ஸ் கதிரும் புறஊதாக் கதிரும் பாய்ச்சி வேறு இரண்டு ஆய்வகங்கள் மேலும் வீரியமாக்கின. ஃபைசர் கம்பெனி புரூக்ளினில் பழைய ஐஸ் தொழிற்சாலை ஒன்றை வாங்கி, தலா 7,500 காலன் கொள்ளும் 14 தொட்டிகளில் காற்றை ஊதி, ஏடாக அல்லாமல் ஆழத்திலேயே பூஞ்சையை வளர்த்தது. 1944 மார்ச்சில் அந்த ஆலை ஓடத் தொடங்கியது. பெனிசிலினைப் பெருமளவில் தயாரிக்கும் ஆலையை வடிவமைத்ததில் முன்னின்ற பொறியாளர்களில் ஒருவர் மார்கரெட் ஹட்சின்சன் ரூசோ. 1942 மார்ச்சில் ஒரே நோயாளியைக் காப்பாற்ற அமெரிக்காவின் கையிருப்பில் பாதி செலவானது. 1944 ஜூனில் நார்மண்டிக் கரையில் இறங்கிய படையினரின் காயங்களுக்கு வேண்டிய மருந்து கூடவே போனது.

எல்லாம் இணக்கமாக நடந்தது என்று எழுதினால் அது பொய். அமெரிக்கப் பயணத்தைப் பற்றிச் செயினுக்குப் புறப்படும் நாளன்றுதான் தெரிந்தது. அந்த வடு ஆறவேயில்லை. காப்புரிமை எடுத்துவைக்க வேண்டும் என்று செயின் மன்றாடினார். மருத்துவர்கள் கண்டதைத் தனியுடைமையாக்குவது அறமல்ல என்று பெரியவர்கள் சொன்னார்கள், ஃபுளோரி அதை ஏற்றார். பியோரியாவில் ஹீட்லியோடு சேர்ந்து வேலை செய்த ஆண்ட்ரூ மோயர், இருவர் பெயரிலும் வர வேண்டிய ஆய்வுமுடிவைத் தன் பெயரில் மட்டும் வெளியிட்டார், உற்பத்தி முறைகளுக்குக் காப்புரிமையும் தன் பெயரில் எடுத்துக்கொண்டார். காப்புரிமை விஷயத்தில் செயின் முன்கூட்டியே கண்டது சரி என்றுதான் எனக்குப் படுகிறது. கூடிச் செய்த வேலையைப் பொதுவில் வைப்பது உயர்ந்த எண்ணம். ஆனால் பொதுவில் வைத்ததை ஒருவர் எடுத்துக்கொள்ளாதபடி காவலும் வைக்க வேண்டும், அதை ஆக்ஸ்ஃபோர்ட் செய்யவில்லை.

ஒற்றைப் பெயர் எப்படி நிலைத்தது என்பதும் ஆவணங்களில் தெளிவாகவே இருக்கிறது. 1942 ஆகஸ்டில் மூளைக்காய்ச்சலில் கிடந்த தன் நண்பர் ஒருவரை ஃபிளெமிங் பெனிசிலினால் பிழைக்கவைத்தார். மருந்தைக் கொடுத்தது ஃபுளோரி. தி டைம்ஸ் நாளிதழ் யார் பெயரையும் சொல்லாமல் பெனிசிலினைப் பாராட்டித் தலையங்கம் எழுதியது. ஃபிளெமிங்கின் தலைவர் ஆல்ம்ரோத் ரைட் உடனே கடிதம் எழுதி, பெருமை ஃபிளெமிங்குக்கே என்றார். மறுநாள் ஆக்ஸ்ஃபோர்டின் வேதியியல் பேராசிரியர் ராபர்ட் ராபின்சன் ஃபுளோரிக்கும் பங்கு உண்டு என்று எழுதினார். செய்தியாளர்கள் இரு இடங்களுக்கும் போனார்கள். செயின்ட் மேரியில் கதவு திறந்திருந்தது. ஃபுளோரி பேட்டி கொடுக்க மறுத்தார். மருந்தே போதுமான அளவு இல்லாதபோது செய்தி பரவினால் நோயாளிகளின் உறவினர்கள் கதறிக்கொண்டு வருவார்கள், கொடுக்க எதுவும் இராது என்று அவர் அஞ்சினார். பேசியவர் பெயர் பதிந்தது. பூஞ்சை பிடித்த தட்டு, ஒற்றை மனிதர், ஒரு நொடி என்ற கதை ஒரே வரியில் சொல்லக்கூடியது. பெட்பேன், சிறுநீர், மக்காச்சோளக் கழிநீர், ஏழு பெயர், ஆறு பெண்கள் என்ற கதை அப்படிச் சொல்ல வராது.

1945-இல் நோபல் பரிசு ஃபிளெமிங், ஃபுளோரி, செயின் மூவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. ஒரு பரிசை மூவருக்குமேல் பகிர்வதில்லை. ஹீட்லிக்கு இடமில்லை. அதே ஆண்டில் டோரதி ஹாட்ஜ்கின் எக்ஸ் கதிர் கொண்டு பெனிசிலின் மூலக்கூறின் வடிவத்தைக் கண்டார், ஆபிரகாமும் செயினும் முன்பே ஊகித்திருந்த நான்கணு வளையம் அதில் இருந்தது. இன்று நாம் விழுங்கும் அமாக்ஸிசிலின் வரை அந்த வளையத்தின் வழித்தோன்றல்கள்தான். இந்தியாவுக்கு இந்த வேலை வந்து சேர்ந்ததும் பல கை மாறித்தான். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் துணைநிற்க, புணேக்கு அருகே பிம்ப்ரியில் 1954-இல் அரசின் இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் நிறுவப்பட்டது. வாதக்காய்ச்சலால் இதய வால்வு பழுதான பிள்ளைகள் இன்றும் நம் அரசு மருத்துவமனைகளில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசிக்கு வரிசையில் நிற்கிறார்கள். அந்த ஊசியின் வலியைப் பற்றி அவர்களிடம்தான் கேட்க வேண்டும். அந்த வலிதான் அவர்களைப் பள்ளிக்கூடத்துக்குத் திருப்பி அனுப்புகிறது.

ஹீட்லி ஆக்ஸ்ஃபோர்டிலேயே இருந்தார். 1990-இல் பல்கலைக்கழகம் அவருக்கு மதிப்புறு மருத்துவ முனைவர் பட்டம் வழங்கியது. எண்ணூறு ஆண்டு வரலாற்றில் மருத்துவர் அல்லாத ஒருவருக்கு அந்தப் பட்டம் கிடைத்தது அதுவே முதல் முறை. எலிகள் செத்த, பிழைத்த அந்த இரவுக்கு ஐம்பது ஆண்டுகள் கழித்து. 2004 ஜனவரியில், 92 வயதில் காலமானார்.

ஆக்ஸ்ஃபோர்டில், மாக்டலின் கல்லூரிக்கு எதிரே, தாவரவியல் பூங்காவின் வாசலை ஒட்டி ஒரு சிறிய ரோஜாத் தோட்டம் இருக்கிறது. அமெரிக்காவின் லாஸ்கர் அறக்கட்டளை 1953-இல் அளித்தது. அங்கே தாழ்வாக ஒரு கல். பெனிசிலினின் மருத்துவப் பயனைக் கண்டறிந்த இந்தப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்களுக்கு என்ற பொருளில் அதில் பொறித்திருக்கிறார்கள். ஃபுளோரி என்றோ செயின் என்றோ இல்லை. ஆய்வாளர்கள் என்ற அந்தப் பன்மைக்குள் எத்தனை பேர் என்று கல் சொல்லவில்லை. கலம் கழுவிய கைகளையும் சிறுநீர்க் குடுவையோடு சைக்கிள் மிதித்த கால்களையும் சேர்த்து எண்ணுவதற்கு அதில் இடம் இருக்கிறது.